தறிச் சோப்பு

காஞ்சிபுரத்தில் நான் போட்ட முதல் சண்டை ஒரு தம்ளர் தண்ணீருக்காக.

காலையில் ஓட்டலில் பசியாற உட்கார்ந்திருந்தேன். சர்வர் நான்கு தம்ளர்களை ஒரே கையில் தூக்கிக்கொண்டு வந்தார். தம்ளருக்கு ஒரு விரல், அதுவும் தண்ணீருக்குள்ளே. சற்றுமுன் பக்கத்து மேசையில் எச்சில் இலையை மடித்து எடுத்த அதே கை. டொக்கென்று வைத்துவிட்டு, "இன்னா சாப்பிட்றீங்கமா?" என்றார்.

"உங்க விரல் ஊறின தண்ணியத்தான் முதல்ல குடிக்கணுமா?"

"கேன் தண்ணிமா. நல்ல தண்ணி."

"தண்ணி நல்ல தண்ணிதான்யா. விரலு?"

அவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்தார். "காலைலேர்ந்து தண்ணிலதான் இருக்குது கையி" என்றார். மேசை துடைக்கிற வாளித் தண்ணீரைச் சொல்கிறார்! பக்கத்தில் ஓர் ஆந்திரத் தம்பதி. அந்த அம்மாள் கணவரிடம் தெலுங்கில், 'இந்த அம்மாவுக்கு எதற்கு இவ்வளவு கோபம், தண்ணீர்தானே' என்றார். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தெலுங்குக்காரர்கள், எனக்குப் புரியும் என்று அவருக்குத் தெரியாது.

என் கோபத்துக்குக் காரணம் உண்டு. கிள்ளானில் ஒரு தொழிற்சாலை கேண்டீனை இருபத்திரண்டு வருடமாக நடத்துகிறேன். அங்கே டைபாய்டு ஊசி போடாத ஆளை வெங்காயம் உரிக்கக்கூட விட முடியாது. நகம் வளர்ந்திருந்தால் நானே வெட்டிவிடுவேன். கழிவறைக்குப் போய் வந்தவர்கள் சோப்புப் போட்டு, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவினார்களா என்று கதவருகே நின்று பார்ப்பேன். என் முதுகுக்குப் பின்னால் எனக்குப் 'போலீஸ்காரம்மா' என்று பெயர். இருக்கட்டும். இத்தனை வருடத்தில் என் சோற்றைத் தின்று ஒருவனுக்கும் வயிற்றால் போனதில்லை.

அப்படிப்பட்ட நான், மகளின் முகூர்த்தப் புடவையை வாங்கிப் போக நான்கு நாள் பயணமாக வந்திருந்தேன். கடையில் போய் மடித்து வைத்ததை எடுக்கிற பேச்சே கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் தேவராஜ் என்ற நெசவாளரிடம் போனிலேயே நிறம், கரை, முந்தி எல்லாம் சொல்லி நெய்யக் கொடுத்திருந்தேன். சந்தன நிற உடல், அரக்குக் கரை.

அன்று மதியம் ஊரைச் சுற்ற பாஷா பாயின் ஆட்டோவைப் பிடித்தேன். நல்ல மனிதர், வாய் ஓயாது. ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போகிற வழியில் வண்டி நின்றுவிட்டது. கீழே இறங்கினார், எதையோ பிடுங்கினார், ஒரு குழாயை வாயில் வைத்து ஊதினார், கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்தார். வண்டி உயிர் பெற்ற சந்தோஷத்தில் தள்ளுவண்டியில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, அந்தக் கையாலேயே பிளந்து, மிளகாய்ப்பொடி தடவி என்னிடம் நீட்டினார். தள்ளுவண்டிக்காரர் அதன்மேல் தெளித்த தண்ணீர் எந்த வாளியில் இருந்தது என்பதையும் நான் பார்த்திருந்தேன்.

"வேணாம் பாய்."

"நம்ம ஊரு பிஞ்சுமா. துன்னு பாருங்க, ஜோரா இருக்குது."

"பிஞ்சு ஜோர்தான். கைய கழுவினீங்களா?"

மனிதர் முகம் வாடிவிட்டது. இரண்டையும் அவரே தின்றார். ஒருவர் அன்பாகக் கொடுப்பதை மறுப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அன்புக்காக நான் பேதியை வாங்கிக்கொள்ள முடியாது, ஆமாம்.

சாயங்காலம் குடலை இட்லி சாப்பிட்டேன். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு அவிப்பது. ஆவி பறக்கத் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். என்ன மணம், என்ன மணம்! வெந்து இறங்கியதைச் சூட்டோடு தின்றால் கிருமிக்கு வேலையில்லை, அதனால் இரண்டாவது துண்டும் கேட்டேன். சட்னியை மட்டும் தொடவில்லை. அது காலையிலிருந்து திறந்த வாளியில் கிடந்தது, கரண்டியின் கைப்பிடிவரை உள்ளே முழுகியிருந்தது. "சட்னி இல்லாம துன்ற மொத ஆளு நீங்கதான்" என்றார் பரிமாறியவர். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் நெசவாளர் வீடு. தெருவுக்குள் நுழையும்போதே எனக்கு ரத்தம் கொதித்தது. குழாயில் தண்ணீர் ஏறி வரவில்லையாம், அதனால் வீட்டுக்கு வீடு தரையைத் தோண்டி, முழங்கால் ஆழக் குழிக்குள் குழாயை இறக்கியிருந்தார்கள். குழிக்கு ஒரு சாண் தள்ளிச் சாக்கடை. மழை பெய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அந்தக் குழியில் குடத்தை இறக்கித்தான் ஒரு பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "இதை யாருமே கேக்க மாட்டீங்களா?" என்று அவளிடம் கேட்டேன். "கேட்டுக்கினேதான்மா இருக்கோம்" என்றாள். யாரிடம் கேட்டார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவள் சொல்லவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேவராஜ் வீட்டில் அந்தக் கோபமெல்லாம் பறந்துபோனது. வீட்டின் பாதியைத் தறியே அடைத்துக்கொண்டிருந்தது. என் மகளின் புடவை அதில் ஏறியிருந்தது. பார்த்ததும் ஓடிப்போய்த் தொடப் போனேன். "மா, ஒரு நிமிசம்" என்று தடுத்தார் தேவராஜின் மனைவி பவானி. தறிக்குப் பக்கத்தில் மாடத்தில் ஒரு சோப்பு, கீழே ஒரு பேசின், கொடியில் வெள்ளைத் துண்டு.

"கை கழுவிட்டுத் தொடுங்கமா. வேர்வை பட்டா கறை வுழுந்துடும்."

எனக்கா! கை கழுவச் சொல்லி எனக்கே ஒருத்தி உத்தரவு போடுகிறாள்! அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மணிக்கட்டுவரை தேய்த்துக் கழுவினேன். தேவராஜும் அப்படித்தான். பீடி பிடிக்க வெளியே போய்விட்டு உள்ளே வந்தார், கழுவினார், தறிக்குழியில் கால் இறக்கி உட்கார்ந்தார். இந்த ஊரில் ஒரு வீடாவது உருப்படியாக இருக்கிறதே என்று மனதாரப் பாராட்டினேன்.

தூளியில் குழந்தை படுத்திருந்தது. யாழினி, ஒன்றரை வயது.

"பாப்பா தூங்குதா?"

"வயிறு சரியில்லமா, ரெண்டு நாளா. பல்லு மொளைக்குதுல்ல, அதான் போவுது."

"ஓகோ" என்றேன். சொல்லிவிட்டுக் கரையின் ஜரிகையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. போலீஸ்காரம்மா என்று பெயர் வாங்கியவள், பேதி என்ற சொல் காதில் விழுந்த பிறகும் புடவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் காலை புடவையை அறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நெய்து முடித்துத் தறியிலிருந்து வெட்டி எடுப்பதற்கு அங்கே அறுப்பது என்று பெயர். அதைப் பார்க்க ஆசையாகப் போனேன். வாசலிலேயே பவானி குழந்தையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து, தன் கைமேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். முந்தானையில் துடைத்தாள். உள்ளே வந்து அதே கையால் கிண்ணத்தில் இட்லியைப் பிசைய ஆரம்பித்தாள்.

"பவானி! கை!"

"கழுவிட்டேன்மா."

"சோப்புப் போட்டியா? அதோ இருக்கே."

அவள் மாடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அது தறிச் சோப்புமா. பொடவைக்கு."

பட்டுக்குக் கறை படக்கூடாது என்று சோப்பு, பேசின், வெள்ளைத் துண்டு. பிள்ளையின் வாய்க்குப் போகிற கைக்கு வெறும் ஒரு சொம்புத் தண்ணீர். அடக் கடவுளே என்று வாய்விட்டே கத்தினேன்.

அப்புறம்தான் குழந்தையைச் சரியாகப் பார்த்தேன். தாயின் தோளில் துணிபோலக் கிடந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. அழுகிற மாதிரி முகத்தைச் சுளித்தது, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"எத்தனை தடவை போச்சு?"

"எண்ணலமா. தண்ணி மாரி போய்க்கினே இருக்குது."

"தண்ணி குடுத்தியா?"

"குடுத்தா இன்னும் போவுது. அதான் நேத்து சாயந்தரத்துலேர்ந்து நிறுத்திட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு? போறதுக்கு ஈடா குடுக்காட்டி உடம்புல என்னா மிஞ்சும்? மூத்திரம் போனாளா?"

பவானி யோசித்தாள். முகம் மாறியது. "ராத்திரிலேர்ந்து போவலமா" என்றாள் மெதுவாக.

தேவராஜ் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "அரை மொழம்தான் பாக்கி இருக்குதுமா. மதியம் அறுத்துட்டு, சாயந்தரமா டாக்டராண்ட இட்டுக்கினு போலாம்னு..." என்று இழுத்தார்.

"பிள்ளை இப்படிக் கிடக்கு, உங்களுக்குப் புடவை அறுக்கிற அவசரமா?"

"நாளைக்கு நீங்க பிளைட்டு ஏறணுமேமா."

அவர் குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அறைந்த மாதிரி இருந்தது. "புடவையும் வேணாம், ஒண்ணும் வேணாம், எழுந்திருங்க" என்று கத்திவிட்டுத் தெருவுக்கு ஓடினேன்.

அன்றும் என்னைக் கொண்டுவந்து விட்ட பாஷா பாய் வண்டியில் காத்திருந்தார். குழந்தையைப் பார்த்ததும் வாய் அடங்கிவிட்டது. குழந்தையோடு பவானியும், தேவராஜும், நானும் ஏறினோம். நான்கு தெரு போயிருப்போம், எதிரே மேளச் சத்தம். சாமி புறப்பாடு. வைகாசி வெயிலில் ஒரு தெரு முழுக்க ஜனம். வண்டி முன்னும் போகாது, பின்னும் போகாது. பந்தலில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரே தம்ளர், ஒருவர் குடித்து வைத்ததும் அடுத்தவர் அண்டாவில் முக்கி எடுக்கிறார். ஐஸ் கட்டியைச் சாக்கில் வைத்துக் கட்டையால் உடைத்து உள்ளே போட்டார்கள். யாரோ ஒரு அம்மாள் இரக்கப்பட்டு, "கொழந்தைக்கு ரெண்டு வாய் குடுமா, வெயிலு" என்று தம்ளரை ஆட்டோவுக்குள்ளேயே நீட்டினார். பவானி கையை நீட்டினாள். தட்டிவிட்டேன். மோர் என் மடியெல்லாம் கொட்டியது. அந்த அம்மாள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

"எறங்குங்கமா" என்றார் பாஷா பாய். குழந்தையைப் பவானியிடமிருந்து வாங்கித் தேவராஜின் தோளில் போட்டார். முன்னால் நடந்துகொண்டே, "ஏ வழி வுடுப்பா, கொழந்தப்பா, வழி வுடு!" என்று ஒரே கூச்சல். தவில் நின்றது. சாமி தூக்குகிறவர்கள்கூடத் தோளைச் சாய்த்து ஓரமாக ஒதுங்கினார்கள். திட்டிய அம்மாளும் கூட்டத்தைத் தள்ளி வழி செய்தார். அந்த ஜனங்கள்மேல் எனக்கு அப்போது கோபமே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்னப் பெண் டாக்டர். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிந்து அப்படியே நின்றது. உடனே ஊசி குத்தி டிரிப் ஏற்றினார். அப்புறம்தான் கேள்வி. பல் முளைக்கிறது என்று பவானி ஆரம்பித்ததும் டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பல்லுக்கும் பேதிக்கும் சம்பந்தமே இல்லம்மா. மலத்துல இருக்கற கிருமி கையில ஒட்டிக்கிட்டு வாய்க்குப் போவுது. இல்லாட்டி தண்ணியில வருது. கால் கழுவி விட்ட கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க. தண்ணியக் கொதிக்க வச்சு ஆத்திக் குடுங்க. இவ்ளோதான் விஷயம்."

"பொழச்சுக்குவாளா டாக்டர்?" என்றார் தேவராஜ்.

"டிரிப் ஏறுது. நடுநடுவுல இந்த உப்பு சர்க்கரைத் தண்ணிய ஸ்பூன் ஸ்பூனா குடுத்துக்கிட்டே இருங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டுத் திரும்பக் குடுங்க. அவ மூத்திரம் போகணும். போனா சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

டாக்டர் போனதும் நான் பவானியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று நாள் கோபம், எல்லாவற்றையும் அவள் தலையில் கொட்டினேன். தம்ளருக்குள் விரலை விட்டவர், சாக்கடைப் பக்கம் குழி தோண்டியவர்கள், நீர்மோர்ப் பந்தல் எல்லோரும் செய்ததற்கும் சேர்த்து அவள் வாங்கிக்கட்டிக்கொண்டாள். கையெட்டும் தூரத்தில் சோப்பு இருந்தும் பிள்ளைக்குப் போடத் தோன்றவில்லையே, நீயெல்லாம் ஒரு தாயா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்கதானமா போன்ல சொன்னீங்க. சந்தன கலரு, ஒரு பொட்டுக் கறை இருக்கக்கூடாது, தறியத் தொட்றதுக்கு முன்ன சோப்புப் போட்டுக் கழுவணும்னு. வீடியோல காட்டச் சொன்னீங்க. காட்டனோம். அதுக்கு முன்ன எங்கூட்ல கைக்குன்னு சோப்பே கெடையாதுமா, குளிக்கத்தான். உங்க பொடவைக்குன்னு வாங்கனது. அத எடுத்துப் புள்ளைக்கிக் கால் கழுவ வச்சிக்கினா நீங்க இன்னா சொல்வீங்களோன்னு இருந்துச்சி."

நான் சொன்னேன்தான், அவள் வீட்டில் சோப்பைப் பார்த்து மெச்சியபோது அது என் நினைவுக்கே வரவில்லை. ஒரு முறையா, மூன்று முறை சொன்னேன். எதற்காக அப்படித் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று என் கேண்டீன் பெண்களுக்கு எத்தனை பாடம் எடுத்திருக்கிறேன்! இவளுக்குக் கறை என்று மட்டும்தான் சொன்னேன். அவள் வீட்டில் ஒரு குழந்தை இருப்பது வீடியோவில் எனக்குத் தெரிந்தது. தூளி ஆடியதைக்கூடப் பார்த்தேன். என்மேல் எனக்கு வந்த கோபத்தை யாரிடம் போய்க் காட்டுவது? "தப்பு என்னோடதுதான் பவானி" என்றேன். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

கை கழுவலாம் என்று வார்டின் ஓரத்துக்குப் போனேன். குழாய் இருந்தது, தண்ணீர்கூட வந்தது, சோப்புப் பெட்டி காலி. பேதிக்குப் படுத்திருக்கிற பிள்ளைகள் வார்டில்! நர்ஸைப் பிடித்துக் கேட்டேன்.

"வைக்கறோம்மா. வச்சா மத்தியானத்துக்குள்ள யாராச்சும் எடுத்துக்கினு போய்ட்றாங்க. நாங்க இன்னா காவலா காக்கறது?" என்றார் அவரும் கோபமாக.

பாஷா பாய் இதைக் கேட்டுவிட்டு வெளியே போனார். நாலைந்து சோப்போடு வந்தார். தேவராஜ் அதில் ஒன்றை வாங்கி, என் கொண்டை ஊசியால் நடுவில் துளை போட்டார். சட்டைப் பையிலிருந்து முறுக்கின பட்டு நூலை எடுத்தார். நெசவாளர் பையில் எப்போதும் ஒரு துண்டு நூல் கிடக்கும் போலிருக்கிறது. அதை மூன்றாக மடித்துக் கோத்து, குழாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

"இத அறுத்துக்கினு போவணும்னா கத்தி வேணும்" என்றார்.

பவானி முதலில் கழுவினாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, எல்லாம் அவளே தேய்த்தாள், தறிக்குக் கழுவுகிற அதே ஒழுங்கில். அடுத்த கட்டில் பெண்ணும் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

பிற்பகல் முழுக்கக் கரண்டிதான். ஒரு கரண்டி, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பத்து நிமிடம் விட்டுவிட்டுத் திரும்பவும் கொடுத்தோம். தேவராஜ் கால்மணிக்கு ஒருமுறை துணியைத் தொட்டுப் பார்ப்பார், காய்ந்திருக்கும். பாஷா பாய் நடைபாதையில் தொழுதுவிட்டு வந்தார். நர்ஸ் வந்து "போச்சா?" என்பார். "இல்ல" என்போம். மூன்று மணி, நான்கு மணி, நாலரை. பவானி கரண்டியைத் தேவராஜிடம் கொடுத்தாள். குழந்தையை நான் மடியில் வாங்கிக்கொண்டேன்.

ஐந்து மணி இருக்கும். குழந்தை கண்ணைத் திறந்து என் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தது. தொடைமேல் ஏதோ சூடாகப் பரவுவது போலிருந்தது. குனிந்து பார்த்தேன்.

"ஐயையோ, மா, பொடவை!" என்று பவானி பதறிக் குழந்தையைத் தூக்கப் பாய்ந்தாள்.

"தொடாதே!" என்று நான் கத்திய கத்தலில் வார்டே திரும்பியது. "முடிக்கட்டும்! அவ முடிக்கட்டும்!"

முடித்தாள். அதற்குள் என் மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. பவானி என் தோளில் தலையை வைத்து விம்மினாள். தேவராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "அல்லா" என்று பாஷா பாய் சொன்னது மட்டும் கேட்டது.

வார்டின் அந்தக் கோடியிலிருந்து டாக்டர் ஓடி வந்தார். "போனாளா? எவ்வளவு போனா?"

நான் குழந்தையைப் பவானியிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றேன். நனைந்த புடவையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினேன்.

"இவ்வளவு" என்றேன்.